மறைப்பின் மணிக்கணக்கு

(நம் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்று மறைப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, "ஐயா, நான் தமிழ் படித்தவள், வானியல் படித்தவள் அல்லள்" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "அதனால்தான் கேட்கிறோம், வானியல் படித்தவர் பேசினால் எங்களுக்கு விளங்காது" என்றார். ஆகவே, ஆர்வத்தால் மட்டுமே வானம் பார்க்கிற ஒருத்தியின் பேச்சாக இதைக் கொள்க. என் கருவிகள் மிக எளியவை. ஊசித்துளையிட்ட ஓர் அட்டை, வெப்பமானி ஒன்று, நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், ஒரு குறிப்பேடு. ஒளிப்படக் கருவி என்னுடையது அன்று, நண்பர் ஒருவருடையது.

பத்தாண்டுகளாக இந்த மேடையில் என் முகத்தைப் பார்த்து வருகிறீர்கள். மேலுதட்டில் உள்ள தழும்பைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பண்புக்கு நன்றி. இன்று நானே சொல்லிவிடுகிறேன். நான் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியதே அந்தத் தழும்பினால்தான்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் ஞாயிறு முழுமையாக மறைந்த நாள் அது. சென்னையில் பகுதி மறைப்பு. பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் தொடங்கியது. தெருக்கள் ஊரடங்குபோல் வெறிச்சோடிக் கிடந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். இராயபுரத்துச் சந்து ஒன்றில் ஓட்டு வீட்டில் என் தாயார் என்னை வயிற்றில் சுமந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த தந்தையார், இரண்டு மணிச் சங்கு ஊதியதும் புறப்பட்டு, தெருமுனைக் கூடைக்காரம்மாவிடம் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்தார். தாயார் அரிவாள்மணையை எடுத்து அந்த மீனை ஆய்ந்தார். நடந்தது இவ்வளவே. சூன் மாதம் நான் பிறந்தபோது மேலுதடு பிளந்திருந்தது.

"கிரகணம் பிடித்த பிறகு அரிந்தாள்; பிள்ளை மூளியாய்ப் பிறந்தது" என்றார் பாட்டியார். "பிடிப்பதற்கு முன்பே ஆய்ந்து கழுவி வைத்துவிட்டேன் அத்தை" என்றார் தாயார். அறுவை மருத்துவர் என் உதட்டைத் தைத்துச் சேர்த்துவிட்டார். வழக்கு மட்டும் தீரவில்லை. பண்டிகை நாளில், துக்க வீட்டில், என்னைப் பெண்பார்க்க வந்த நாளில்கூட அது எழுந்தது. வியப்பு என்னவென்றால், மீன் அரிவதற்கும் உதட்டுக்கும் என்ன தொடர்பு என்று அந்தக் கூட்டத்தில் எவரும் கேட்டதில்லை, தாயாரும் கேட்டதில்லை. எத்தனை மணிக்கு அரிந்தாள் என்பது ஒன்றே அவர்களுக்குக் கேள்வியாக இருந்தது. நேரத்தைப் பற்றிய அக்கேள்வியே பிற்காலத்தில் என்னைக் கடிகாரம் ஏந்த வைத்தது.

நம் இலக்கியத்திலும் இந்த இருள் உண்டு. திங்களைப் பாம்பு பற்றும் காட்சி குறுந்தொகையிலும் நற்றிணையிலும் உவமையாக வருவதை நீங்கள் அறிவீர்கள். குறுந்தொகைப் புலவர் பாம்பின் கொடுமையைப் பெரிதாக்கவில்லை. விழுங்கப்படும் நிலவைக் கீழே நின்று பார்ப்பவர்கள் அதன் துயரைக் களைய இயலாதவர்களாக இருப்பதையே உவமைக்கு எடுத்துக்கொண்டார். மாணவியர்க்கு அப்பாடலை நடத்தும்போதெல்லாம், அந்தக் கையறுநிலையில் என் தாயாரின் முகம்தான் எனக்குத் தோன்றும்.

எனக்குப் பதினைந்து வயதானபோது 1995 அக்டோபர் 24 வந்தது. முந்தின நாள்தான் தீபாவளி. இராசஸ்தானத்து நீம் கா தானாவிலும் வங்கத்து டைமண்ட் துறைமுகத்திலும் முழுமறைப்பு. நமக்குக் காலை வேளையில் பகுதி மறைப்பு. 1980ஐப் போலன்றி, அறிவியல் இயக்கத்தார் ஊர் ஊராகச் சென்று அச்சம் போக்கியிருந்தார்கள். பள்ளியில் எங்களுக்கும் அட்டைக் கண்ணாடி கிடைத்தது. ஆனால் வீட்டில் கதவு தாழிடப்பட்டது. பாட்டியார் காவல். தாயாரும் நானும் உள்ளே.

ஞாயிறு அதற்குள் வீட்டினுள் வந்துவிட்டது. ஓடு விலகிய சிறு சந்துகள் நான்கைந்து வழியே எப்போதும் மேற்குச் சுவரில் வட்ட வட்டமாக வெயில் விழும். அன்று அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் பிறையாயின. ஊசித்துளை செய்கிற வேலையை உடைந்த ஓடு செய்தது. துளையிலிருந்து சுவர் எவ்வளவு தொலைவோ அதில் ஏறத்தாழ நூற்றெட்டில் ஒரு பங்கு ஞாயிற்றுப் பிம்பத்தின் அகலம். பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குலத்திற்குச் சற்று மிகுதி. இக்கணக்கெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கரிக்கோலால் பிறையின் விளிம்பைச் சுவரில் வரைந்து, பக்கத்தில் கடிகார நேரத்தை எழுதினேன். கால் மணிக்கு ஒன்று வீதம் ஒன்பது பிறைகள். ஆசிரியை பலகையில் வரைந்து காட்டிய படத்திற்கு என் பிறைகள் தலைகீழாக நின்றன. தவறாக வரைந்துவிட்டேன் என்று ஒருவாரம் கலங்கினேன். துளை வழியே வரும் பிம்பம் தலைகீழாகத்தான் விழும் என்பதைப் பிறகு ஒரு நூலில் படித்தறிந்தேன். தாயார் அடுப்படி வாசலில் நின்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

அதன்பிறகு 1980ஆம் ஆண்டின் வழக்கை நானே விசாரிக்கத் தொடங்கினேன். சங்கு இரண்டு மணிக்கு. துறைமுக வாயிலிலிருந்து எங்கள் சந்துக்கு நடை இருபது நிமிடம். வழியில் மீன் பேரம் சில நிமிடம். அரைக் கிலோ மீனை ஆய்ந்து கழுவப் பத்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டரை மணி! மறைப்பு தொடங்கியதும் அதே வேளை. தந்தையார் விரைந்து நடந்திருந்தால் தாயார் வென்றார். தேநீர் குடிக்க நின்றிருந்தால் பாட்டியார் வென்றார். என் கணக்கில் பத்து நிமிடம் முன்பின் பிழை இருந்தது. வழக்கோ ஐந்து நிமிடத்தில் தொங்கியது. எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அன்று சரியாக ஓடியதா என்பதற்கும் சான்றில்லை. கடிகாரத்தைக் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் பின்பற்றும் இந்தியப் பொதுநேரம் 1906 சனவரி முதல் நாளில் வந்தது. அதற்கு முன் இராயபுரம் நிலையத்திலிருந்து வண்டிகள் புறப்பட்டது சென்னை நேரப்படி. இரண்டுக்கும் வேற்றுமை ஏறத்தாழ ஒன்பது நிமிடம். பாட்டியாரின் மனத்தில் எந்த நேரம் ஓடியதோ!

பிழையைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரை வணங்கத் தோன்றுகிறது. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் முன்பு பொறுப்பு வகித்த சான் வாரன் என்பவர் 1825இல் வெளியிட்ட 'காலசங்கலிதம்' என்னும் நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கணிதரிடம் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்த வாக்கியங்களை முணுமுணுத்தே, அவ்வாண்டு மே 31க்கும் சூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த திங்கள் மறைப்பைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். கவிஞர்களே, சொல்லில் எண்ணைப் பொதிந்து, அந்தச் சொல்லால் வானத்தை அளந்த மரபு நம்முடையது. ஆயினும் அவர் எத்துணை பிழைத்தார் என்பது இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் சொன்ன நேரத்தை ஒருவர் எழுதி வைத்ததுதான்.

1868 ஆகஸ்டு 18இல் முழுமறைப்பு ஆந்திரக் கரையைக் கடந்தது. குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் சான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக்கூடத்தின் போக்சன். அந்த மறைப்பை ஒட்டிய ஆய்வுகளில் கண்ட மஞ்சள் நிறமாலைக் கோடுதான் பின்னர் ஈலியம் என்ற தனிமத்தை அறிவித்தது. அதே நாளில் வனபர்த்தியில் இன்னொரு குழுவை நடத்தியவர் சென்னைக்காரரான சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பத்தில் தோன்றி, வானாய்வுக்கூடத்தில் சற்றேறக்குறைய நாற்பதாண்டு உழைத்தவர். கண்ணால் கண்ட நிலையோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1874இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்தபோது, மக்கள் அஞ்சாதிருக்க நம் நாட்டு மொழிகள் சிலவற்றில் உரையாடல் வடிவில் சிறு நூல் எழுதினார். நம் தமிழ்த்துறைப் பாடத்திட்டங்களில் உரைநடை வளர்ச்சி என்று எத்தனையோ பெயர்களை வைக்கிறோம். இவர் பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

1871 டிசம்பர் 12இல் முழுமறைப்பு தமிழ்மண்ணின் மீதே சென்றது. நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, கடல் கடந்து யாழ்ப்பாணம், திருக்கோணமலை. அவிநாசியில் போக்சன் பார்த்தார். புதுக்கோட்டையில் இத்தாலிய அறிஞர் இரெசுப்பிகி பார்த்தார். முழு இருள் ஏறத்தாழ இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் தொட்டபெட்டாவில் தென்னன்ட் குழுவினர் ஆறு படம் எடுத்தார்கள். மேற்குக் கரையில் பேக்கல் கோட்டையருகே டேவிசு என்பவர் ஐந்து எடுத்தார். அக்காலத்துப் படம் என்றால், வேதிநீர் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் உலர்வதற்குள் கருவியில் செருகி, எடுத்து, இருட்டறைக்குக் கொண்டோட வேண்டும். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெருமையைச் சொல்லும்போது தேவைப்படும்.

முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில், பல்லொலிகளின் பிறப்பிடம் பற்றி ஐயம் தெளியச் சென்ற இடத்தில் ஒரு மருத்துவர் கருவளர்ச்சிப் படங்களைக் காட்டினார். குழந்தையின் மேலுதடு இருபுறமிருந்தும் வளர்ந்து நடுவில் கூடுவது கருவுற்ற ஏழாம் வாரத்திற்குள் முடிந்துவிடுகிறது. கூடாமற்போனால் அப்போதே போயிற்று. நான் சூனில் பிறந்தவள். பிப்ரவரி 16இல் எனக்கு ஐந்தாம் மாதம். மீனை அரிவதற்கு மூன்று மாதம் முன்பே என் உதடு பிளந்தாயிற்று! பதினைந்தாண்டு சண்டையிட்ட அந்த ஐந்து நிமிடம், மூன்று மாதத்தின் முன் எங்கே நிற்கும்? அன்று மாலை பேருந்தில் திருவொற்றியூர் வரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தாயாரிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "டாக்டர் கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா அத்தை போகும்போதுகூட என்னை மன்னிக்கலையே" என்றார். நான் கொண்டுவந்த விடை அவருடைய கேள்விக்கு உரியதாக இல்லை.

2009 சூலை 22இல் முழுமறைப்பு காசியின் மீது செல்கிறது என்றறிந்து, எங்கள் வானோக்குக் குழுவினர் எட்டுப்பேர் கங்கா காவேரி விரைவு வண்டியில் இடம் பதிவு செய்தோம். தாயாரும் வருவேன் என்றார். மறைப்பு வேளையில் கங்கையில் முழுகினால் பழி நீங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு என்ன உரிமை?

விடியற்காலை ஒரு சத்திரத்து மொட்டைமாடியில் கருவிகளைப் பரப்பினோம். நண்பரிடம் 200 மில்லிமீட்டர் வில்லை. அதில் ஞாயிற்றின் பிம்பம் இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. படத்தில் பெரிதாகத் தெரியும் என்று நினைப்பவர் ஏமாறுவர். பகுதி மறைப்பு உள்ளவரை வடிகட்டி இன்றி ஒரு நொடியும் பார்க்கக் கூடாது, கருவியையும் காட்டக் கூடாது. முழுமறைப்பு தொடங்கிய கணத்தில் அதைக் கழற்ற வேண்டும்; ஒளி மீண்ட கணத்தில் மாட்ட வேண்டும். ஞாயிற்றின் ஒளிமகுடம் விளிம்பருகே மிகுந்தும் வெளியே பல நூறு மடங்கு மங்கியும் இருப்பதால், ஆயிரத்தில் ஒரு நொடி தொடங்கி முழு நொடி வரை படிப்படியாக எடுக்க வேண்டும். இதையெல்லாம் சென்னையில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தோம். என் வேலை வெப்பநிலை குறிப்பதும் நேரத்தை உரக்கச் சொல்வதும். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் ஓடவிட்டேன்.

முழங்கால் வலியாலும் கூட்டத்திற்கு அஞ்சியும் தாயார் படித்துறைக்கு இறங்கவில்லை. மாடிப்படியில் அமர்ந்துவிட்டார்.

மெல்லிய முகில் இருந்தது. ஆறு மணி இருபத்து நான்கு நிமிடத்தில் மேற்கிலிருந்து ஓர் இருட்டு, மழை வருவதுபோல, ஆனால் ஓசையின்றி வந்தது. ஞாயிறு இருந்த இடத்தில் ஒரு கரிய வட்டமும் அதைச் சுற்றி வெண்ணிற மயிர்க்கற்றையும் நின்றன. கவிஞர்கள் இருக்கும் அவையில் இதற்குமேல் நான் வருணிக்கத் துணியேன். எங்கள் அளவீட்டின் கதையைக் கேளுங்கள். நண்பர் வடிகட்டியைக் கழற்ற மறந்தார். முதல் ஒரு நிமிடம் அவர் எடுத்தவை அனைத்தும் கறுப்பு. மொத்தம் தேறியவை நான்கு. ஈரத்தகட்டுக் காலத்துத் தென்னன்டை நினைத்துக்கொண்டேன். வெப்பமானி அரைப் பாகைகூட இறங்கவில்லை. விடியற்காலை, முகில் வேறு. நானோ நேரம் சொல்வதை அடியோடு மறந்து வாய்பிளந்து நின்றேன்.

ஒலிப்பதிவு மட்டும் மறக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இருள் கவிந்தபோது படித்துறைகளிலிருந்து பேராரவாரம் ஒன்று. முதல் ஒளித்துளி வெளிப்பட்டபோது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே அளந்து பார்த்தோம். ஏறத்தாழ மூன்று நிமிடம் வந்தது. எங்கள் பயணத்தின் மிகச் சிறந்த அளவீடு, அந்தப் பெயர் தெரியாத மக்களின் தொண்டையால் கிடைத்ததுதான். அதனிடையே, இரண்டாம் நிமிடம் கடந்த பின், மிக அருகில் ஒரு குரல் பதிவாகியிருக்கிறது. தாயார் எப்போது எழுந்து என் பின்னால் வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. "இவ்வளவுதானா?" என்கிறார். சற்று நேரம் கழித்து மறுபடியும், மெதுவாக, "இவ்வளவுதானா?" அன்று அவர் கங்கைக்குப் போகவில்லை. மறுநாள் போய்க் குளித்துவிட்டு வந்தார்; எல்லாரும் குளிப்பதுபோல.

உலக்கை நிற்கும் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்பீர்கள். தட்டில் நீர் வைத்து நடுவே உலக்கையை நிறுத்தினால் மறைப்பு உள்ளவரை நிற்கும் என்பார்கள். நின்றது, பார்த்தேன். மறைப்பு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை நிறுத்தினேன், அன்றும் நின்றது. அடி தட்டையான உலக்கை என்றும் நிற்கும்.

2019 டிசம்பர் 26இல் கங்கண மறைப்பு கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியே சென்றது. நமக்குப் பெரும்பகுதி மறைந்தது. ஆழிப்பேரலையின் பதினைந்தாம் நினைவுநாளும் அதுவே. கடற்கரையில் மீனவர் குடும்பங்கள் கடலில் பாலூற்றிக்கொண்டிருந்தன. எண்ணூர்ப் புகைபோக்கிகளின் பக்கம் வானம் வழக்கம்போல் கலங்கியிருந்தது. எங்கள் வீட்டு மாடியில் மாணவியர் பதினோரு பேர், துளையிட்ட அட்டைகளோடு. நேரம் குறிக்கும் பணியைத் தாயாரே கேட்டு வாங்கிக்கொண்டார். காசிப் பதிவை நான் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். நேரம் சொல்ல மறந்தவள் என்று என்னைப் பற்றி அவருக்கு ஒரு தாழ்வான கருத்து உண்டு.

பால்கணக்குக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிய பட்டியல் என்னிடம் இருக்கிறது. முதல் வரி: "8.10. ஓரத்தில் கடி." மெய்யான தொடக்கம் இதற்கு ஓரிரு நிமிடம் முன்னதாக இருக்க வேண்டும், கண் எப்போதும் தாமதித்தே காண்கிறது. பிறகு பத்து நிமிடத்திற்கு ஒரு வரி. "9.35. மெல்லிசு. வெயில் நிலா மாதிரி. காக்கா கத்தலை." அதன்பின் சிறிது நேரம் கீழே போனார். அன்று புதுமீன் வராது என்று முந்தின நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். அரிவாள்மணையையும் மீனையும் எடுத்துக்கொண்டு மாடிக்கே வந்து, தண்ணீர்த்தொட்டியின் நிழலில் அமர்ந்தார். மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறு அப்போதும் குறைந்துதான் இருந்தது. கைகழுவி வந்து அவர் எழுதிய வரி, மற்ற வரிகளைப் போலவே சாய்வான எழுத்தில் இருக்கிறது: "10.15. பாதி தெரியுது. மீன் ஆய்ந்தேன்."

அந்தக் குறிப்பேட்டை இன்று கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.